சிநேகிதம் காதலாகும் சின்ன ஊர் நாவல்: கடலூரை வைத்து எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வகை நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு அத்தியாயம் எழுதித் தூக்கிப் போட்டும் இருக்கிறேன். பிறகு புதிதாக எழுதுகிறவர்கள் கொண்டுவந்து காட்டிய கைப்பிரதிகள் பலவற்றைப் படித்தேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: காதலை எழுதுகிற அவசரத்தில் நட்பை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நட்பு நிஜமாகப் படாவிட்டால், அது காதலாகும்போது வாசகருக்கு எதுவும் மாறியதாகவே தோன்றாது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். காதல் ஐந்தாவது படியில்தான் வரும்.

உதாரணத்துக்கு ஒரே கதையைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள், அவர்கள் மகன் சரவணன். மாடிப் போர்ஷனில் வாடகைக்கு நித்யா குடும்பம். இருவருக்கும் 27 வயது. கதை நடக்கும் வருஷம் 2023.

எழுத உட்காரும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு. கதை நடக்கும் வருஷத்தின் காலண்டர், தமிழ் மாதமும் முகூர்த்த நாளும் போட்டது. ஊரில் சுற்ற இரண்டு முழு நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்.

நீளத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். நான் எழுதியது 40 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 1500 சொல், மொத்தம் 60,000. நீளம் தெரிந்தால்தான் நட்புக்கு எவ்வளவு இடம் என்று பிரிக்க முடியும். முதல் 12 அத்தியாயத்தில் இருவரில் ஒருவர்கூடக் காதலை நினைக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். அந்த விதிதான் நாவலைக் காப்பாற்றியது.

1. இந்த நட்புக்கு ஊர் எப்படி இடம் கொடுத்தது?

முதல் கேள்வி இதுதான். ஒரு பையனும் பெண்ணும் பத்துப் பதினைந்து வருஷம் சிநேகிதமாக இருக்க நம் ஊரில் யாராவது இடம் கொடுத்திருக்க வேண்டும். ஒரே ட்யூஷனா, ஒரே ஷேர் ஆட்டோவா, இரண்டு அப்பாக்களும் சிப்காட்டில் ஒரே ஷிப்டா? "சின்ன வயசிலிருந்தே நண்பர்கள்" என்று ஒரு வரியில் கடந்துவிட்டால் கதைக்கு அஸ்திவாரமே இல்லாமல் போகும். நான் தூக்கிப் போட்ட பதினோரு அத்தியாயத்திலும் இதுதான் குறை. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் அந்தப் பேச்சை ஏன் யாரும் தடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம் உதாரணத்தில் இடம் கொடுத்தது ஒரு தண்ணீர் மோட்டார். தொட்டி மொட்டை மாடியில், மோட்டார் சுவிட்ச் கீழ் வீட்டில். தினமும் காலையில் நித்யா மாடிப்படியில் நின்று "மோட்டார் போடுடா" என்று கத்துவாள். தொட்டி நிரம்பியதும் "நிறுத்து, நிறுத்து" என்று இன்னொரு குரல். தெருவே கேட்கிற குரல் என்பதால் யாருக்கும் அதில் தப்பாக எதுவும் படவில்லை.

அடுத்து, இருவரும் சேர்ந்து தாங்கிய ஒரு கஷ்டம் வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு அதைக் கற்பனை செய்யத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் மோட்டாரும் இல்லை. நித்யாவுக்கும் சரவணனுக்கும் அப்போது 15 வயது, பத்தாம் வகுப்பு. அடி பம்பில் வரிசை நின்று, ஒரு குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடி ஏற்றியிருப்பார்கள். இந்த ஞாபகத்தை முழு அத்தியாயமாக எழுத வேண்டாம். மூன்று இடங்களில், மூன்று நாலு வரியாக வந்தால் போதும். பழைய கஷ்டத்தை உட்கார்ந்து விவரிப்பவர்கள் அந்நியர்கள். சிநேகிதர்களுக்கு அதில் ஒரு சொல் போதும்.

நோட்டில் இப்போது பத்து விஷயம் எழுதுங்கள்: இவருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாதது. இடி இடித்தால் அவன் எந்தப் பாட்டை முணுமுணுப்பான், அவள் காபியில் எதற்காக இரண்டு முறை சர்க்கரை போடுவாள் என்கிற அளவுக்குச் சின்னது. பத்தும் நாவலில் வராது. ஆனால் பத்தும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்: ஒரு பட்டியல்

தமிழில் இந்த வகை நாவல் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி இது. உறவு மாறினால் கூப்பிடும் முறை மாறும். அதனால் "அவள் மனம் மாறியது" என்று நீங்கள் எழுதவே வேண்டாம், ஒரு விளி மாறினால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

முதல் காட்சி எழுதும் முன் பட்டியல் போடுங்கள். நித்யா அவனை "டேய்" என்பாள். அவன் "நித்தி" என்பான், கோபம் வந்தால் முழுப்பேர். சரவணனின் அம்மாவை அவள் இத்தனை வருஷமாக "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு வருகிறாள். நித்யாவின் அப்பா அவனுக்கு "அங்கிள்". நித்யாவின் தம்பி சரவணனை "அண்ணா" என்பான்.

இனி இதே பட்டியலில் அடுத்த பத்தி போடுங்கள்: கடைசியில் இவையெல்லாம் என்னவாகும்? "ஆன்ட்டி" என்ற வாய் "அத்தை" என்று திரும்ப வேண்டும். "அங்கிள்" மாமா ஆக வேண்டும். தம்பிக்குத்தான் கஷ்டம், "அண்ணா" மாமா ஆவது எளிதில் வராது. இந்த நகர்வு ஒவ்வொன்றும் உங்களுக்கு ஒரு காட்சி. அந்தத் தம்பி ஒருநாள் வேண்டுமென்றே "மாமா, பைக் சாவி குடுங்க" என்று கேட்டுவிட்டு ஓடினால், வீட்டில் முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான் என்று சொல்லாமலே தெரியும்.

பெரும்பாலோர் செய்யும் பிழை: நாயகி நாயகனை முதல் அத்தியாயத்திலேயே "அண்ணா" என்று கூப்பிட்டுவிடுவாள், தோழியின் அண்ணன் என்பதால் எழுதுகிறவர் யோசிக்காமல் போட்டிருப்பார். அந்தச் சொல் விழுந்த பிறகு வாசகர் மனம் காதலுக்கு இடம் தராது. பெயர் சொல்லிக் கூப்பிட வையுங்கள், அல்லது கூப்பிடவே சங்கடப்பட்டு "ஏங்க, ஒரு நிமிஷம்" என்று சமாளிக்க வையுங்கள்.

இன்னொன்று: காதல் வந்ததும் "டேய்" மறைந்து "நீங்க" வந்துவிடும் பல கைப்பிரதிகளில். சிநேகிதத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காதல் வருவது போல் ஆகிவிடுகிறது அது. "டேய்" இருக்கட்டும். அதைச் சொல்லும் முன் ஒரு கணம் அவள் தயங்கட்டும், அதுவே மாற்றம்.

3. ஊரை நடந்து அளந்து பாருங்கள்

கடலூர் 2021 முதல் மாநகராட்சி. சின்ன ஊரா என்று கேட்பார்கள். நாவலுக்கு ஊரின் அளவு ஜனத்தொகையில் இல்லை. நீங்கள் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்ற செய்தி எத்தனை நிமிஷத்தில் உங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது, அதுதான் அளவு. அந்தக் கணக்கில் மஞ்சக்குப்பமும் முதுநகரும் திருப்பாதிரிப்புலியூரும் இன்னும் சின்ன ஊர்கள்தான்.

நடக்கும்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இருவரும் யார் கண்ணிலும் படாமல் பத்து நிமிஷம் பேச எங்கே முடியும்? சில்வர் பீச் என்று எழுதிவிடாதீர்கள். ஞாயிறு மாலை அந்த பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் போய் நின்று பாருங்கள். ஊர் பாதி குடும்பத்தோடு அங்கேதான் இருக்கும். அங்கே தனிமை கிடையாது, ஆனால் "கூட்டத்தில் பார்த்தோம், பேசினோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். காட்சிக்கு அதுவும் உதவும்.

தனியாகப் பேச வேண்டுமென்றால் பாண்டிச்சேரி பஸ். சுமார் 22 கிலோமீட்டர். தென்பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, பாண்டிச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையும் கடந்துவிட்டால் தெரிந்த முகம் குறையும். ஊர் எல்லை தாண்டியதும் இருவரும் பேசும் விதம் மாறுவதை எழுதலாம். திரும்பி வரும்போது பாலத்துக்கு முன்னால் ஒருவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போவதையும்.

கெடிலம் ஆற்றை மறக்க வேண்டாம். மஞ்சக்குப்பம் வடகரை, திருப்பாதிரிப்புலியூர் தென்கரை. ரயில், லாரன்ஸ் ரோடு கடைகள் என்று எதற்கும் பாலம் தாண்ட வேண்டும். பாலத்தில் எதிரே வருபவரைப் பார்க்காத மாதிரி போக முடியாது, தப்பித்துத் திரும்ப சந்தும் கிடையாது. சண்டை போட்டுக்கொண்ட இருவரை எதிரெதிரே விட இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை.

பேச்சில் ஊர்ப் பெயர்களைப் பலகையில் இருப்பது போல் எழுத வேண்டாம். முதுநகரை "ஓ.டி." (ஓல்டு டவுன்) என்பார்கள், திருப்பாதிரிப்புலியூர் வாயில் "திருப்பாப்புலியூர்" ஆகும். சினிமாவிலிருந்து ஒட்டிக்கொண்ட மதுரைத் தமிழும் கோவை "ஏனுங்க"வும் பாத்திரங்கள் வாயில் வந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

4. காலண்டரில் காட்சிகளை நிறுத்துங்கள்

சின்ன ஊர்க் கதை நாட்களில் நடக்கிறது, "சில மாதங்களுக்குப் பிறகு" என்பதில் நடப்பதில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தேதி கொடுங்கள். தேதி இருந்தால் வெயிலா மழையா, வீட்டில் யார் இருப்பார்கள், தெருவில் என்ன சத்தம் என்பதெல்லாம் தானாக வந்து சேரும்.

தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரச் சாமிகளெல்லாம் தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் வரும். மணலில் சுருளிக் கிழங்கு விற்பார்கள். இரு குடும்பமும் சேர்ந்து போகும் காட்சிக்கு இது சரி. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். உங்கள் நாயகன் துறைமுகத்தை நம்பிய குடும்பம் என்றால் அந்த 61 நாளும் வருமானம் இல்லாமல் வீட்டில் இருப்பான். ஐப்பசி கார்த்திகையில் மழை, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு.

முகூர்த்த நாள் கட்டாயம் ஒன்று வேண்டும். ஐந்தாறு கிலோமீட்டரில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில், முகூர்த்த நாளில் மலையில் கல்யாணத்துக்குப் பின் கல்யாணமாக நடந்துகொண்டே இருக்கும். யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு இருவரும் போய், அடுத்தடுத்துத் தாலி கட்டும் ஜோடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பேச்சு நின்றுபோவது இயல்பாக வரும்.

5. மனம் மாறும் காட்சி: பெரிதாக்காமல் எழுதுவது

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிரதிகளில் நான் அதிகம் பார்த்த வடிவம் இது:

"அவனைப் பார்த்ததும் அவள் இதயம் படபடத்தது. இத்தனை நாள் நண்பனாகத் தெரிந்தவன் இன்று ஏனோ புதிதாகத் தெரிந்தான்."

இதில் ஊரும் இல்லை, வீடும் இல்லை, இவர்களும் இல்லை. எந்தக் கதையிலும் ஒட்டலாம். இவர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். நித்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாடியில் நாற்காலி போதாது. வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

"எட்டு நாற்காலியை நாலு நாலாக அடுக்கிக்கொண்டு மாடி ஏறினான் சரவணன்.

'போதுமா, இன்னும் வேணுமா?'

'எட்டுப் பேர்தான்னு சொன்னாங்க.'

வரிசையாகப் போட்டான். ஒன்றுக்குக் கால் ஆடியது. அதை நடுவில், மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் வைத்தான். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தான். பிறகு எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நல்லதாக ஒன்றை அங்கே போட்டான்.

சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த நித்யா இரண்டையும் பார்த்தாள்."

அவன் என்ன நினைத்தான் என்று நான் எழுதவில்லை. நாற்காலி சொல்லிவிட்டது. அவன் அதைத் திரும்ப எடுத்ததில்தான் அவன் குணம் இருக்கிறது, அவளுக்கு வரப்போகும் சிக்கலும் அதில்தான்.

இப்படி ஐந்து காட்சி போதும், 13 முதல் 22 வரையான அத்தியாயங்களில். இரண்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே நாளில் மனம் மாறக் கூடாது, ஒருவர் முந்த வேண்டும், மற்றவருக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் வாசகரை இழுக்கும். இரண்டாவது, மாறிய பிறகும் பழைய வேலைகள் தொடர வேண்டும். மறுநாள் காலையிலும் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டுமே.

6. என்ன போய்விடும்? அதை முன்பே காட்டுங்கள்

"சொன்னால் நட்பு முறிந்துவிடுமோ" என்ற பயம் இந்த வகை நாவல் எல்லாவற்றிலும் வரும். வெறும் பயமாக இருந்தால் வாசகர் பொறுமை இழப்பார், ஒருவார்த்தை பேசித் தொலைக்கக் கூடாதா என்று. நஷ்டத்தைக் கையில் தொடக்கூடியதாக வையுங்கள். நம் கதையில் அது வீடு. விஷயம் கெட்டுப்போனால் நித்யா குடும்பம் காலி செய்ய வேண்டும். தம்பிக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது. இத்தனையும் முதல் பத்து அத்தியாயத்திலேயே சாதாரணப் பேச்சில் வந்திருந்தால், அவள் வாய் மூடியிருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

மூன்றாவது ஆளை வில்லனாகக் கொண்டுவராதீர்கள். பெண் பார்க்க வந்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கெட்டவர் என்றால் நித்யாவின் முடிவு சுலபம், சுலபமான முடிவில் கதை இல்லை.

7. சொல்லும் காட்சியும், அதற்குப் பிறகான மௌனமும்

சொல்வது சின்னதாக இருக்கட்டும். பதினைந்து வருஷம் பேசியவர்களுக்கு மேடைப் பேச்சு வராது. என் நாவலில் ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதியிருந்தேன், கடைசியில் மூன்று வரி நின்றது.

அதிகம் கவனம் வேண்டியது அதற்கு அடுத்த அத்தியாயங்கள். ஒருவர் சொல்லி, மற்றவர் பதில் தராத அந்த நாட்கள். இங்கேதான் முதல் படியில் வைத்த பொருள் கைகொடுக்கும். காலையில் மோட்டார் ஓடுகிறது. தொட்டி நிரம்பி வழிகிறது. சன்ஷேடில் தண்ணீர் கொட்டும் சத்தம். "நிறுத்து" என்று மாடியிலிருந்து குரல் வரவில்லை. கீழே சுவிட்ச் பக்கத்திலேயே அவன் நிற்கிறான், அந்தக் குரலுக்காக. பக்கத்து வீட்டுக்காரர்தான் கடைசியில் சத்தம் போடுகிறார். பிரிவைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் இந்தக் காட்சியை முடிக்கலாம். முடித்துவிடுங்கள்.

8. வீட்டுக்குத் தெரியும்போது சாதியை மறைக்காதீர்கள்

எழுத மிகக் கஷ்டமான படி. பலர் சாதியே இல்லாத ஒரு கடலூரை எழுதிவிடுகிறார்கள். அல்லது இருவரையும் ஒரே சாதி என்று வைத்துக்கொண்டு அதை வாசகருக்குச் சொல்லாமல் விடுகிறார்கள். 2003-ல் இதே மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம், சாதி மறுத்து மணம் செய்த ஓர் இளம் தம்பதியைக் கொன்றார்கள். 2021-ல்தான் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. இந்த மண்ணில் காதல் கதை எழுதுகிறவர் அதைத் தெரியாதது போல் எழுத முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் நாவல் அந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லவில்லை. இரு குடும்பத்தின் சாதி என்ன, யார் வீட்டில் யார் சாப்பிடுவார்கள், எந்தத் தட்டும் டம்ளரும் வெளியே இருக்கும் என்பது நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ஒரே சாதி என்றால் பணமும், வீட்டுக்காரர் குடித்தனக்காரர் வித்தியாசமும் என்ன செய்யும் என்று எழுதுங்கள். வெவ்வேறு என்றால், பதினைந்து வருஷம் "நம்ம வீட்டுப் பொண்ணு" என்ற அதே வாய் என்ன சொல்லும் என்று நேர்மையாக எழுதுங்கள். ஒரே அத்தியாயத்தில் பெற்றோர் மனம் மாறிவிடக் கூடாது. எனக்கு இந்தப் பகுதி ஆறு அத்தியாயம் பிடித்தது.

9. முடிவை அம்மாவின் வாயில் வையுங்கள்

கல்யாணத்தில் முடிக்கத் தேவையில்லை. இரண்டாவது படியில் போட்ட பட்டியலை எடுத்து, இதுவரை மாறாத விளி எது என்று பாருங்கள். நம் கதையில் சரவணனின் அம்மா மூன்று மாதமாக நித்யாவோடு பேசவில்லை. ஒருநாள் காலை, மாடிப்படியிலிருந்து வழக்கமான குரல் வருகிறது. அடுப்படியில் இருந்தபடியே அம்மா சொல்கிறாள்: "இனிமே நாலு பேர் முன்னாடி அவனை வாடா போடான்னு கூப்பிடாத."

திட்டுவது போல இருக்கிறது. ஆனால் "இனிமே" என்று சொல்லிவிட்டாள்.

10. திருத்தும் வரிசை

எழுதி முடித்து இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு முதலில் வசனங்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். வாய் தடுக்கும் இடமெல்லாம் எழுத்துத் தமிழ் புகுந்த இடம். அடுத்து காலண்டரை வைத்துத் தேதிகளைச் சரிபாருங்கள், தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போனால் துறைமுகத்து வாசகர் அங்கேயே மூடி வைத்துவிடுவார். மூன்றாவதாக "இதயம்", "ஏனோ", "புரியாத உணர்வு" என்ற சொற்களைத் தேடி எடுங்கள். அவை இருந்த இடத்தில் ஒரு நாற்காலியோ குடமோ வேண்டும்.

தொடராக வெளியிடுவதாக இருந்தால், பிரதிலிபி போன்ற தளத்தில் போடும் முன் குறைந்தது 20 அத்தியாயம் கையில் இருக்கட்டும். வாசகர் கருத்துகள் வரத் தொடங்கியதும், காதலைச் சீக்கிரம் சொல்ல வை என்று கேட்பார்கள். அன்போடு கேட்பதால் மறுப்பது கஷ்டம். 12-ஆம் அத்தியாயத்தைத் தாண்டும் வரை அந்தக் கருத்துகளைப் படிக்காமல் இருப்பதே நல்லது.

கடைசியாக, கடலூரில் வாழும் ஒருவருக்கும் இந்த ஊருக்கே வராத ஒருவருக்கும் பிரதியைக் கொடுங்கள். முன்னவர் தெரு தப்பாக இருந்தால் சொல்வார். பின்னவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: காதல் வராமலே போயிருந்தாலும் இந்த இருவரைப் பற்றித் தொடர்ந்து படித்திருப்பீர்களா? இல்லை என்றால் முதல் படிக்குத் திரும்பி, நோட்டில் அந்தப் பத்து விஷயத்தையும் மறுபடி எழுத வேண்டும்.